அமீரகத்தின் காடும் ஓமனின் காடும்: வனப் பரப்புக் கணக்கை எப்படிப் படிப்பது?

நாடுகளின் வனப் பரப்பைப் பற்றி எங்கே தேடினாலும், கடைசியில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிடும் கணக்கில்தான் போய் நிற்போம். உலக வங்கி காட்டும் கோட்டு வரைபடமும் அதிலிருந்து எடுத்ததுதான். அந்தக் கணக்கில் ஐக்கிய அரபு அமீரகத்தின் வனப் பரப்பு ஏறக்குறைய 3 லட்சத்து 17 ஆயிரம் ஹெக்டேர். பக்கத்து நாடான ஓமனுக்கு 2,000 முதல் 3,000 ஹெக்டேர்தான்.

பரப்பளவில் ஓமன் அமீரகத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. தெற்கே, சலாலாவைச் சுற்றியுள்ள தோஃபார் மலைகளில் ஆண்டுதோறும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மூடுபனியும் தூறலுமாக இருக்கும். அரபியில் அந்தப் பருவத்தைக் கரீஃப் என்பார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் அந்த நாட்களில் குடும்பத்தோடு காரை எடுத்துக்கொண்டு சலாலாவுக்குப் போய்வருவார்கள். மலைச்சரிவு முழுக்கப் பச்சை, சாலையை மறித்து நிற்கும் மாடுகள், கண்ணாடியில் வழியும் தூறல் என்று அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் கேரளத்து மலைப்பாதை என்றே தோன்றும். அப்படிப்பட்ட நாட்டின் காடு அமீரகத்தின் காட்டில் நூறில் ஒரு பங்குதானா?

எண் பொய் இல்லை, படமும் பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'காடு' என்ற சொல்லுக்குக் கணக்கெடுப்பவர்கள் தரும் பொருள். அதைப் பிடித்துவிட்டால், எந்த இரண்டு வறண்ட நாடுகளின் வனப் பரப்பையும் ஒப்பிட்டுப் படிக்க வந்துவிடும்.

எது காடு?

உணவு வேளாண்மை அமைப்பின் வரையறைப்படி, ஒரு நிலம் காடாகக் கணக்கில் ஏற அரை ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்கு மேல், இருக்க வேண்டும். மரங்கள் 5 மீட்டருக்கு மேல் உயரம் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் மரங்களின் தலைப்பகுதி அந்த நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்க வேண்டும். இன்றைக்கு அந்த உயரமும் மறைப்பும் இல்லாவிட்டாலும், நட்டிருக்கும் கன்றுகள் வளர்ந்து அதை எட்டும் என்றால் அதுவும் காடுதான்.

பத்து சதவீத மறைப்பு என்றால் எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை ஹெக்டேர் என்பது 5,000 சதுர மீட்டர். அதில் பத்து சதவீதம் 500 சதுர மீட்டர். நன்றாக வளர்ந்த ஒரு மரத்தின் தலை 8 மீட்டர் அகலம் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 50 சதுர மீட்டரை மூடும். அப்படியானால் ஒன்றேகால் ஏக்கரில் பத்து மரம் இருந்தாலே வரம்பைத் தொட்டுவிடலாம். ஆனால் பாலைவனத்தில் தானாக முளைத்த மரங்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதில்லை. வேர் தண்ணீரைத் தேடிப் பரந்து ஓடுவதால் ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுத்தான் நிற்கும். அதே அரை ஹெக்டேரில் ஐந்து மரம் இருந்தால் மறைப்பு 5 சதவீதம். நூறு வயதான மரங்களாகவே இருக்கட்டும், அது காடு இல்லை.

இன்னொரு பக்கம், அதே நிலத்தில் ஏழு மீட்டருக்கு ஒன்றாக வரிசை பிடித்துக் கன்று நடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நூறு கன்று போகும். ஒவ்வொன்றின் தலையும் 3 மீட்டர் அகலத்துக்கு விரிந்தாலே மொத்த மறைப்பு 14 சதவீதம் ஆகிவிடும். அது காடு. உயரமும் 5 மீட்டரைத் தாண்டும் என்று எதிர்பார்க்கலாம் என்றால், கன்றாக இருக்கும்போதே காடாக எண்ணிவிடலாம்.

அமீரகத்துக்கும் ஓமனுக்கும் இடையிலான நூறு மடங்கு வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

வரையறையில் இன்னும் சில விசித்திரங்கள் உண்டு. ரப்பர் தோட்டம் காடாக எண்ணப்படும். தென்னந்தோப்பும் பேரீச்சந்தோப்பும் எண்ணப்படாது, ஏனென்றால் அவை விவசாயம். அல் ஐன் நகரத்தின் பழைய பேரீச்சந்தோப்புகளுக்குள் நடந்திருப்பவர்களுக்குத் தெரியும், உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். பலரைக் கேட்டால் அமீரகத்திலேயே காடு மாதிரி இருப்பது அதுதான் என்பார்கள். ஆனால் அந்த 3 லட்சத்து 17 ஆயிரத்தில் அதற்கு இடமில்லை.

அமீரகத்துக் கோடு

அபுதாபியிலிருந்து அல் ஐன் போகும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். கொஞ்சம் கிட்டே போனால் கம்பி வேலி. அதற்குள் மணலில் கறுப்பு நிறக் குழாய்கள் நேர்கோட்டில் ஓடும். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு சொட்டுவாய், அதைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு ஈரம். அந்த ஈரத்தின் ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருவது, கொஞ்சம் உவர்ப்பானது என்பதற்கு அந்த வெள்ளைதான் அடையாளம். ஈரத்துக்கு ஓரடி தள்ளினால் காய்ந்த மணல்.

அமீரகத்தின் காடு என்று கணக்கில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் இப்படி நட்டு, குழாய் போட்டு வளர்த்ததுதான். ஷேக் ஸாயித் அபுதாபியை ஆளத் தொடங்கிய காலத்திலிருந்தே பாலைவனத்தைப் பச்சையாக்குவதைத் தன் சொந்தக் கனவாக வைத்திருந்தார். 1971இல் அமீரகம் என்ற கூட்டாட்சி உருவானபோது இந்த வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மணல் சாலையை மூடாமல் தடுக்க, மான்களுக்கும் பறவைகளுக்கும் ஒதுங்க இடம் தர, ஊருக்கு நிழல் தர என்று காரணங்கள் பல. சித்ர் என்னும் இலந்தை இனம், சமுர் என்னும் வேல மர இனம், பல் துலக்க மிஸ்வாக் குச்சி தரும் அராக் ஆகியவற்றை நட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காஃப் மரம்.

காஃப் என்றால் வேறொன்றும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. 2008இல் அதை அமீரகம் தேசிய மரமாக அறிவித்தது. 2019ஐச் 'சகிப்புத்தன்மை ஆண்டு' என்று கொண்டாடியபோது சின்னமாக வைத்ததும் இதைத்தான். ஆழமாக வேர்விட்டு, மழையே இல்லாத ஆண்டிலும் துளிர்த்து நிற்கும் மரம். வேலி இல்லாத இடத்து வன்னியைப் பார்த்தால், ஒட்டகத்தின் வாய் எட்டும் உயரம் வரைக்கும் இலையே இருக்காது. அதற்கு மேலே கத்தரி வைத்து வெட்டியதுபோல அடிப்பக்கம் ஒரே சமமாக இருக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். 1990இல் அமீரகத்தின் வனப் பரப்பு 2 லட்சத்து 45 ஆயிரம் ஹெக்டேர். 2000இல் 3 லட்சத்து 10 ஆயிரம். 2010இல் 3 லட்சத்து 17 ஆயிரம். அதன் பிறகு 2020 வரை ஏறக்குறைய அதே எண். முதல் பத்தாண்டில் 65 ஆயிரம் ஹெக்டேர் கூடியிருக்கிறது, இரண்டாவது பத்தாண்டில் வெறும் 7 ஆயிரம், அப்புறம் கோடு தட்டையாகிவிட்டது.

இந்தக் கோட்டைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட வேண்டும். முதலாவது, கோடு 1990இல் தொடங்குகிறது, கதை 1990இல் தொடங்கவில்லை. முதல் புள்ளியிலேயே 2 லட்சத்து 45 ஆயிரம் இருக்கிறது என்றால், நடவில் பெரும்பகுதி அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் முடிந்துவிட்டது. வரைபடம் நமக்குக் காட்டுவது அந்த முயற்சியின் கடைசிப் பகுதியைத்தான்.

இரண்டாவது, தண்ணீர். அமீரகத்தின் சராசரி ஆண்டு மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. நிலத்தடியில் இருப்பது பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சேர்ந்த பழைய நீர். எடுத்தால் மறுபடி நிரம்பாது. விவசாயமும் வனமும் அதை இறைக்க இறைக்க மட்டம் இறங்கி, உவர்ப்பும் ஏறியது. அதனால்தான் சுத்திகரித்த கழிவுநீரை மரங்களுக்குத் திருப்பிவிடும் வேலை வளர்ந்தது. மழையை நம்பி நிற்கும் காட்டில் ஆட்கள் ஒதுங்கினால் காடு பெருகும். இந்தக் காட்டிலோ வால்வை மூடினால் பெரும்பாலான மரங்கள் தாங்காது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம், ஒரே பட்டியலில் வைக்கிறோம்.

அமீரகம் செய்ததைச் சிறிது என்று சொல்ல நான் வரவில்லை. வெறும் மணலில் மூன்று லட்சம் ஹெக்டேர் மரம் வளர்ப்பது பெரிய காரியம். அந்த நிழலில் பிழைக்கும் பறவையும் பூச்சியும் உண்மையானவை. ஆனால் அது எந்த வகைக் காடு என்பதையும் எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓமனின் கோடு ஏன் தரையோடு கிடக்கிறது

தோஃபார் மலையில் கரீஃப் பருவத்தில் நடப்பதைக் கிட்டேயிருந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் குளிர்ந்த நீரைத் தொட்டு வந்து மலையில் மோதுகிறது. வானத்திலிருந்து விழும் மழை அதிகமில்லை, மெல்லிய தூறல்தான். ஆனால் மேகமே மலைச்சரிவில் படுத்திருக்கும். அந்தப் பனி மரத்தின் இலைகளில் படிந்து, துளியாகத் திரண்டு, இலை நுனியில் தொங்கி, அடியில் சொட்டும். மரம் நிற்கும் இடத்தில் மண் நனைந்து சதசதவென்று இருக்கும். பக்கத்திலேயே வெட்டவெளியில் அவ்வளவு ஈரம் இராது. மரம் தன் தண்ணீரைத் தானே காற்றிலிருந்து சலித்து எடுத்துக்கொள்கிறது.

இந்தக் காட்டின் முக்கிய மரம் தோஃபாரிலும் அதை ஒட்டிய ஏமன் பகுதியிலும் மட்டுமே வளர்வது. நம் மருத மரத்தின் குடும்பம். மலைக்கு அந்தப் பக்கம், பனி எட்டாத வறண்ட சரிவில், குந்திரிக்கம் தரும் மரங்கள். தேவாலயங்களில் புகைக்கும் அதே குந்திரிக்கம்தான். அந்த நிலப்பகுதியை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஓமனின் வடக்கே ஜெபல் அக்தர் மலையுச்சியில் ஜூனிப்பர் மரங்கள் இருக்கின்றன. சமவெளிகளில் சமுரும் வன்னியும் தனித்தனியாக, தள்ளித் தள்ளி.

இவ்வளவும் எங்கே போனது? உணவு வேளாண்மை அமைப்பிடம் இன்னொரு பட்டியல் இருக்கிறது. 'இதர மரப்பரப்பு' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மரங்களின் மறைப்பு 5 முதல் 10 சதவீதம் வரை உள்ள நிலம், அல்லது புதர்களையும் சேர்த்தால்தான் 10 சதவீதத்தைத் தாண்டும் நிலம், அதில் போகும். 2010ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஓமனுக்கு இந்தப் பட்டியலில் சுமார் 13 லட்சம் ஹெக்டேர். அமீரகத்தின் மொத்தக் காட்டைப்போல நான்கு மடங்கு. அதே பட்டியலில் அமீரகத்துக்குச் சில ஆயிரம் ஹெக்டேர்தான். ஒரு பட்டியலை மட்டும் பார்த்தால் அமீரகம் நூறு மடங்கு மேலே. இரண்டையும் சேர்த்தால் ஓமன்தான் மேலே.

வறண்ட நாடுகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது பட்டியலைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மழை மிகுந்த நாடுகளில் அது சின்ன ஒட்டுப்பகுதி. வறண்ட நாடுகளில் பெரும்பாலும் அதுதான் நாட்டின் உண்மையான மரவளம்.

ஓமனின் கோடு 1990 முதல் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குப் பொருளா? இல்லை. 1970களுக்குப் பிறகு தோஃபாரில் சாலை வந்தது, லாரியில் தண்ணீரும் தீவனமும் வந்தது, அதனால் ஒட்டகமும் மாடும் பெருகின. மலை தாங்கும் அளவுக்கு மேல் மேய்ச்சல் நடந்ததால் புதிய கன்றுகள் தலைதூக்க முடியவில்லை. பெரிய மரங்கள் சாகும்போது அந்த இடத்தைப் புல் பிடித்தது. புல்லால் மரத்தைப்போலப் பனியைச் சலிக்க முடியாது. மண்ணுக்குப் போகும் நீர் குறைகிறது, அடுத்த கன்று முளைப்பது இன்னும் கடினமாகிறது. ஒரு சரிவில் மரம் போய்விட்டால் அது திரும்பி வருவதே கேள்வியாகிவிடும். இந்த மெல்லிய தேய்மானம் வனப் பரப்பு என்ற எண்ணில் தெரியாது. 40 சதவீத மறைப்பு 15 ஆனாலும் அது காடுதான். அதைவிடக் குறைந்து இதர மரப்பரப்பில் இருப்பது இன்னும் மெலிந்தாலும், முதல் பட்டியலின் கோடு அசையாது.

தட்டையான கோட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: யாரும் புதிதாக அளக்கவில்லை. லிபியாவின் வனப் பரப்பு 1990இலும் 2 லட்சத்து 17 ஆயிரம் ஹெக்டேர், 2020இலும் அதே 2 லட்சத்து 17 ஆயிரம். முப்பது ஆண்டுகளில் ஒரு ஹெக்டேர்கூட மாறாத காடு உலகில் எங்கும் இல்லை. ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் எண்ணை அனுப்ப வேண்டும். புதிய கணக்கெடுப்பு இல்லாதபோது பழைய எண்ணே மறுபடி ஏறும். நடுவிலுள்ள ஆண்டுகளுக்கு யாரும் அளப்பதில்லை, இரண்டு புள்ளிக்கும் இடையே கோடு இழுத்து நிரப்புகிறார்கள். உலக வங்கி வரைபடத்தில் ஆண்டுக்கு ஓர் எண் இருப்பதால் ஆண்டுதோறும் யாரோ போய் மரத்தை எண்ணினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பாலைவனத்தில் அதற்கும் கண் மங்கும். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தின் மரப்பரப்புத் தகவலில் ஒவ்வொரு சதுரமும் 30 மீட்டருக்கு 30 மீட்டர். தளம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரம்பு 30 சதவீத மறைப்பு. தள்ளித் தள்ளி நிற்கும் வன்னிக்கும் சமுருக்கும் அந்த வலையில் சிக்க வாய்ப்பே இல்லை. 2017இல் உணவு வேளாண்மை அமைப்பின் ஆய்வாளர்களும் பல நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து, உலகின் வறண்ட நிலங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரித் துண்டுகளை, தனி மரம் தெரியும் அளவுக்குத் துல்லியமான படங்களில், கண்ணால் பார்த்தே எண்ணினார்கள். அதுவரை கணக்கில் வராத 46 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு கிடைத்தது. அதே சமயம், படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்ல செய்தியும் இல்லை. நம் ஊரைப் பாழ்படுத்திய சீமைக்கருவேலம் அமீரகத்திலும் சலாலாவின் கடற்கரைச் சமவெளியிலும் பரவியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அதுவும் மரம்தான்.

சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமீரகத்தில் காடு 3.8 சதவீதம் என்று ஓரிடத்திலும் 4.5 சதவீதம் என்று இன்னோரிடத்திலும் படிப்பீர்கள். காடு வளர்ந்துவிடவில்லை. ஒரு கணக்கு நாட்டின் பரப்பை 83,600 சதுர கிலோமீட்டர் என்று எடுக்கிறது, மற்றது சுமார் 71,000 என்று எடுக்கிறது. மேலே இருக்கும் எண் ஒன்றுதான், கீழே வகுக்கும் எண் மாறியிருக்கிறது. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது ஹெக்டேரையும் சதவீதத்தையும் சேர்த்தே பாருங்கள். இரண்டையும் ஒரே வெளியீட்டிலிருந்து எடுங்கள்.

சரி, அமீரகத்தையும் ஓமனையும் நேர்மையாக ஒப்பிட வழியே இல்லையா? இருக்கிறது. இரண்டு நாட்டுக் கடற்கரையிலும் ஒரே இனம், ஒரே முறையில், குழாய்த் தண்ணீர் இல்லாமல் வளர்கிறது. முத்துப்பேட்டையில் படகில் போய்ப் பார்க்கும் அதே வெண்கண்டல்தான், அலையாத்தி. மஸ்கட்டின் நடுவிலேயே குர்ம் என்ற அலையாத்திக் காடு இருக்கிறது. 1975 முதல் அது பாதுகாக்கப்பட்ட இடம். குர்ம் என்ற அரபிச் சொல்லுக்குப் பொருளே அலையாத்தி மரம் என்பதுதான். அபுதாபித் தீவுகளைச் சுற்றியும் அதே மரம். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின்போது, 2030க்குள் 10 கோடி அலையாத்திக் கன்றுகள் நடுவதாக அமீரகம் அறிவித்தது. இரண்டு நாட்டிலும் கடல் அலைதான் நீர் பாய்ச்சுகிறது. அதனால் இங்கே ஹெக்டேரோடு ஹெக்டேரை வைத்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அபுதாபி பக்கத்து வளைகுடாக் கடல் ஓமன் கடலைவிட உப்பு மிகுந்தது. உப்பு ஏற ஏற இந்த மரம் குட்டையாகிவிடும், பல இடங்களில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அதனால் இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கணக்கு 5 மீட்டர் உயர வரம்பை வைத்து எடுத்ததா, அலையாத்தி என்றாலே எண்ணி எடுத்ததா என்பதைத்தான்.